சிங்க் அடியில் பொருத்தும் கார்பன் பிளாக் ஃபில்டர்: குளோரின் வாடை போனால் போதுமா?

குழாய்த் தண்ணீரில் குளோரினால் உண்டாகும் துணை விளைபொருட்களைக் குறைக்க வீட்டுக்கு எதை வாங்குவது என்று கேட்டால், சமையலறை சிங்க்குக்கு அடியில் பொருத்தும் 10 அங்குல கார்பன் பிளாக் (கார்பன் தூளை அழுத்திச் செய்த கட்டி) ஃபில்டரைத்தான் முதலில் சொல்வோம். அதற்கு மின்சாரம் தேவையில்லை, தண்ணீரும் வீணாகாது. தாது உப்புகளை அது தொடுவதில்லை, பழுதாக உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜாக வரும் பிளாக்கில் சரியானதைத் தேர்ந்தெடுத்து உரிய நேரத்தில் மாற்றினால், அந்தத் துணை விளைபொருட்களில் முக்கியமான குளோரோஃபார்மையும் அதன் உறவுச் சேர்மங்களையும் இது நன்றாகவே பிடிக்கும்.

ஆனால் இதை விற்பவர்கள் சொல்லும் ஓர் அறிவுரை முற்றிலும் தவறு: “குளோரின் வாடை திரும்ப வந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.” வாடை திரும்ப வருவதற்கு வெகு முன்பே இந்த பிளாக் குளோரோஃபார்மைப் பிடிப்பதை நிறுத்தியிருக்கும். இந்த மதிப்புரையின் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். வாங்குவது, பொருத்துவது, சோதிப்பது எல்லாமே இதைப் புரிந்துகொள்வதைப் பொறுத்தே அமைகின்றன.

முதலில், தண்ணீரில் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். ஆறு, ஏரித் தண்ணீரில் மக்கிய இலை, மண் ஆகியவற்றிலிருந்து வரும் கரிமப் பொருட்கள் கரைந்திருக்கும். குளோரின் அவற்றோடு வினைபுரியும்போது ட்ரைஹாலோமீத்தேன்கள், ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் என்ற இரு பெரிய குடும்பங்களும், அவற்றோடு நூற்றுக்கணக்கான சிறு சேர்மங்களும் உருவாகின்றன. ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய ஜோஹன்னஸ் ரூக் 1974-இல் இதை வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களும் இதே முடிவைக் கண்டனர். ட்ரைஹாலோமீத்தேன்கள் நான்கு: குளோரோஃபார்ம், புரோமோடைகுளோரோமீத்தேன், டைபுரோமோகுளோரோமீத்தேன், புரோமோஃபார்ம். மூல நீரில் புரோமைடு இருந்தால் பின்னவை கூடும். நான்கின் கூட்டுத்தொகைக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 100. ஐந்து ஹாலோஅசிட்டிக் அமிலங்களின் கூட்டுக்கு இரண்டிலும் 60.

வெயில் காலத்தில் அளவு கூடும். தண்ணீர் குழாயிலும் தொட்டியிலும் கிடக்கும் நேரம் கூடக்கூட, மீதமிருக்கும் குளோரின் வினையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே விநியோகத்தின் கடைக்கோடி வீட்டில் ட்ரைஹாலோமீத்தேன் அளவு நிலையத்தில் இருப்பதைவிட அதிகமாக இருப்பது வழக்கம். இதற்காகக் குளோரினையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. கிருமிநீக்கம் செய்யாத தண்ணீரால் வரும் காலரா, டைஃபாய்டு ஆபத்து இந்தச் சேர்மங்களால் வரக்கூடியதைவிடப் பல மடங்கு பெரியது. குளோரின் குழாய் முழுவதும் வந்து தன் வேலையை முடிக்கட்டும். குடிக்கும் இடத்தில் மட்டும் துணை விளைபொருட்களை எடுத்துவிட்டால் போதும்.

ஒரே பிளாக், இரண்டு வேலை

கார்பன் குளோரினை நீக்குவதும் குளோரோஃபார்மை நீக்குவதும் வேறு வேறு முறைகள். குளோரின் கார்பனின் மேற்பரப்பில் பட்டதும் அதோடு வினைபுரிந்து, தீங்கில்லாத குளோரைடாக மாறிவிடுகிறது. கார்பன் அங்கே ஒரு வினைப்பொருள். வினை வேகமானது, ஒரு கிராம் கார்பன் இந்த வேலையை நெடுநாள் செய்யும்.

குளோரோஃபார்ம் வினைபுரிவதில்லை. கார்பனின் மிக நுண்ணிய துளைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதுவும் இறுக்கமாக ஒட்டுவதில்லை. நான்கு ட்ரைஹாலோமீத்தேன்களில் மிகத் தளர்வாக ஒட்டுவது குளோரோஃபார்ம், புரோமின் கூடக்கூட ஒட்டுதலும் கூடும். தண்ணீரில் வரும் மற்ற கரிமப் பொருட்களும் அதே துளைகளை அடைத்துக்கொள்கின்றன. இடம் நிரம்பியதும் முதலில் வெளியே வருவது குளோரோஃபார்ம்தான். அந்த நேரத்தில் குளோரின் நீக்கும் வேலை ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கும். நாக்குக்கும் மூக்குக்கும் தண்ணீர் சுத்தமாகவே தெரியும்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. நிரம்பிய பிளாக்குக்குள் ஒரு நாள் குளோரோஃபார்ம் குறைவாக உள்ள தண்ணீர் வந்தால், ஏற்கெனவே ஒட்டியிருந்தது பிரிந்து தண்ணீரோடு வெளியேறும். ஃபில்டருக்குள் போவதைவிட வெளியே வருவதில் குளோரோஃபார்ம் அதிகமாக இருக்கும். வெந்நீர் செலுத்தினாலும் இதே விளைவுதான். அதனால்தான் கார்பன் ஃபில்டர்களில் 38 டிகிரி செல்சியஸ் என்ற மேல்வரம்பைப் போட்டிருப்பார்கள். குளிர்நீர்க் குழாயில் மட்டுமே இணைக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் எதைப் படிப்பது

“குளோரினை 97 சதவீதம் நீக்கும்” என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள செயல்திறன் அட்டவணையைத் தேடுங்கள். என்.எஸ்.எஃப்/ஏ.என்.எஸ்.ஐ. 42 என்ற அமெரிக்கத் தரநிலை சுவை, வாடை ஆகியவற்றுக்கானது. அதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் உள்ள தண்ணீரைச் செலுத்தி, பாதியாவது குறைகிறதா என்று பார்ப்பார்கள். துணை விளைபொருட்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சில கார்ட்ரிட்ஜ்களில் 42 என்ற எண் இருந்தாலும், அது பொருளின் பாதுகாப்புக்கு மட்டும், அதாவது பிளாஸ்டிக்கும் பசையும் தண்ணீரில் எதையும் கரைக்கவில்லை என்பதற்கு மட்டும், கொடுத்த சான்றாக இருக்கும். அந்த பிளாக் எதை நீக்குகிறது என்பதற்கு அது சான்றே அல்ல.

நமக்கு வேண்டியது அதே வரிசையில் வரும் 53 என்ற தரநிலை எண். அதிலும் எந்த வரியில் சான்று என்று பார்க்க வேண்டும். ஈயத்துக்கோ சிஸ்ட் எனப்படும் நுண்ணுயிரி உறைகளுக்கோ மட்டும் 53 வாங்கிய பிளாக்குகள் ஏராளம். “வி.ஓ.சி.” என்ற வரி இருந்தால் அது கடினமான தேர்வு. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் அனைத்துக்கும் பிரதிநிதியாகக் குளோரோஃபார்மையே லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் கலந்து செலுத்தி, 95 சதவீதம் குறைய வேண்டும் என்பது விதி. மொத்த ட்ரைஹாலோமீத்தேன் என்று தனி வரி இருந்தால், 450 மைக்ரோகிராம் உள்ளே சென்று 80-க்கு மேல் வெளியே வரக்கூடாது என்பது நிபந்தனை, அதாவது சுமார் 82 சதவீதம். இரண்டில் எதைத் தேர்வது என்றால் வி.ஓ.சி. வரி உள்ள பிளாக்கைத்தான் எடுப்போம்.

ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் வி.ஓ.சி. பட்டியலில் இல்லை. அவை ஆவியாகாதவை, தண்ணீரில் மின்னூட்டம் கொண்ட அயனிகளாக இருப்பதால் கார்பனில் தளர்வாகவே ஒட்டும். புதிய பிளாக் அவற்றைக் குறைக்கும், ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் என்பதற்குச் சான்றிதழில் உத்தரவாதம் கிடையாது. உங்கள் குடிநீர் வழங்கும் அமைப்பின் ஆண்டறிக்கையில் இந்த அமிலங்கள்தாம் வரம்பை ஒட்டி நிற்கின்றன என்றால், கீழே ஆர்.ஓ. பற்றிச் சொல்லும் பகுதி உங்களுக்கு முக்கியம்.

0.5 மைக்ரான், 5 மைக்ரான் என்ற எண்களுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. குளோரோஃபார்ம் கரைந்த பொருள், எந்த மைக்ரான் சல்லடையிலும் நழுவிவிடும். இருந்தாலும் நுண்ணிய பிளாக் பொதுவாக மேலாக வேலை செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதில் கார்பன் துகள்கள் சிறியவை, ஆகவே குளோரோஃபார்ம் துளைக்குள் போய்ச்சேர வேண்டிய தூரம் குறைவு. தேங்காய்ச் சிரட்டைக் கார்பனில் நுண்துளைகள் அதிகம் என்பதால் குளோரோஃபார்ம் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு அது ஏற்றது.

எத்தனை லிட்டர், எத்தனை மாதம்

அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிக் கொள்ளளவு எழுதியிருந்தால், அது நேர்மையான உற்பத்தியாளரின் அடையாளம். குளோரினுக்குப் பல்லாயிரம் லிட்டர் என்று போட்டிருக்கும் பிளாக்கிலேயே, வி.ஓ.சி. வரியில் 2,000 லிட்டர் போன்ற எண் இருக்கக்கூடும். மாற்றும் நாளைத் தீர்மானிக்க வேண்டியது இந்தச் சிறிய எண்ணே.

நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 12 லிட்டர் எடுத்தால், 2,000 லிட்டர் ஏறக்குறைய ஐந்தரை மாதம் வரும். காய்கறி, பாத்திரம் கழுவவும் அதே குழாயைத் திறந்தால் கணக்கு இரண்டு மாதமாகச் சுருங்கிவிடும். ஆகவே ஃபில்டர் தண்ணீருக்குத் தனிக் குழாய் வையுங்கள். கைவசம் இருந்தால் குழாய் வழியில் ஒரு சிறிய லிட்டர் கணக்கி பொருத்துங்கள். அதுவும் இல்லையென்றால், கார்ட்ரிட்ஜ் மாற்றிய தேதியை ஹவுசிங்கின் (கார்ட்ரிட்ஜ் உட்காரும் வெளிக்கூட்டின்) மேல் மார்க்கரால் எழுதிவைத்து, கணக்கிட்ட நாளில் மாற்றிவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு குறைவாகச் செலவானாலும் தயாரிப்பாளர் சொல்லும் மாத வரம்பைத் தாண்ட விடக்கூடாது. குளோரின் நீங்கிய ஈரமான கார்பனில் பாக்டீரியா வளரும்.

கொள்ளளவு முடிந்ததும் தானாக நிற்கும் அல்லது விளக்கு எரியும் கருவிகளை 53-ஆம் தரநிலை, தயாரிப்பாளர் சொன்ன கொள்ளளவில் 120 சதவீதம் வரை ஓட்டிச் சோதிக்கிறது. அந்த ஏற்பாடு இல்லாதவற்றை 200 சதவீதம் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே சான்று பெற்ற சாதாரண பிளாக்கில் ஓரளவு இருப்பு உண்டு. சான்று இல்லாத பிளாக்கில் அந்த இருப்பை நம்ப வழியில்லை.

பொருத்தும்போது கெடுப்பவை

வேகம்தான் முதல் எதிரி. 10 அங்குல பிளாக்கில் கார்பனின் கன அளவு ஏறக்குறைய 0.6 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் தண்ணீர் கார்பனோடு இருக்கும் நேரம் 18 விநாடி. 4 லிட்டர் ஓடினால் 9 விநாடி. குளோரினுக்கு அது போதும், குளோரோஃபார்முக்குப் போதாது. ஒரு லிட்டர் பாத்திரத்தை வைத்து நேரம் பாருங்கள். 30 விநாடிக்கு முன்பே நிரம்பினால், நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேல் ஓடுகிறது. அதை அட்டையில் உள்ள ஓட்ட வேகத்தோடு ஒப்பிட்டு, கூடுதலாக இருந்தால் டியூபில் ஓட்டத்தைக் குறைக்கும் ஒரு ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் போடுங்கள்.

இரண்டாவது, பக்கவழியாகத் தண்ணீர் நழுவுவது. கார்ட்ரிட்ஜின் இரு முனைகளிலும் தட்டையான ரப்பர் கேஸ்கெட் இருக்கும். பழைய கார்ட்ரிட்ஜை உருவும்போது அதன் கேஸ்கெட் ஹவுசிங்கின் மூடியிலேயே ஒட்டிக்கொள்வதும், புதியதன் கேஸ்கெட் பெட்டியிலேயே கிடந்துவிடுவதும் அடிக்கடி நடப்பவை. இரண்டிலும் தண்ணீர் பிளாக்குக்குள் போகாமல் ஓரமாகவே வெளியேறிவிடும். புதிய கார்ட்ரிட்ஜ் போட்டதும் ஓட்டம் வழக்கத்துக்கு மாறாகத் தாராளமாக இருந்தால் மகிழாதீர்கள், திறந்து பாருங்கள்.

மாற்றும் முறை இது. நிறுத்தும் வால்வை மூடி, குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். கீழே வாளி வைத்து ஹவுசிங்கை ஸ்பேனரால் தளர்த்துங்கள். ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) எடுத்து, பள்ளத்தில் உள்ள மணலையும் வழுவழுப்பையும் துடையுங்கள். வெட்டோ தட்டையாகிப்போன இடமோ இருந்தால் புதியது போடுங்கள். உணவுத் தர சிலிக்கான் கிரீஸைச் சிறிதளவு தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை உப்பவைத்துவிடும் என்பதால் அது வேண்டாம். ஹவுசிங்கின் உட்புறத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவுங்கள். ஹவுசிங்கைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் மிகச் சிறிதளவு மட்டும் திருப்பினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து பின்னொரு நாள் சமையலறையில் வெள்ளம் வரும். வால்வை மெல்லத் திறந்து, கறுப்புத் தூள் நிற்கும் வரை தண்ணீரைக் கொட்டுங்கள். பெரும்பாலான பிளாக்குகளுக்கு 10 முதல் 20 லிட்டர் பிடிக்கும்.

தண்ணீர் கலங்கலாக வரும் இடத்தில் பிளாக்குக்கு முன் மண், தூசியைப் பிடிக்கும் ஒரு 5 மைக்ரான் செடிமென்ட் கார்ட்ரிட்ஜ் கட்டாயம். அது இல்லாவிட்டால் குளோரோஃபார்ம் கொள்ளளவு முடிவதற்குள்ளாகவே பிளாக் அடைத்துக்கொள்ளும், நல்ல கார்பனைக் குப்பையில் போட நேரும்.

எதை வைத்துச் சோதிப்பது

டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவவே உதவாது. அது தண்ணீரின் மின்கடத்தலை அளந்து உப்பின் அளவாகக் காட்டுகிறது. குளோரோஃபார்ம் அயனி அல்ல, மின்சாரத்தைக் கடத்தாது. 80 மைக்ரோகிராம் என்பது 0.08 மில்லிகிராம்; உப்பாகவே இருந்தாலும் அந்த மீட்டரின் கண்ணில் படாத அளவு. கார்பன் பிளாக்கின் முன்னும் பின்னும் மீட்டரை வைத்து “எண் மாறவில்லை, ஃபில்டர் வேலை செய்யவில்லை” என்று விற்பனையாளர் யாராவது காட்டினால், அந்தச் சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. குளோரின் கிட்டுக்கு ஒரு பயன் உண்டு, அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். புதிய கார்ட்ரிட்ஜ் போட்டவுடன் வெளித் தண்ணீரில் இளஞ்சிவப்பு தெரிந்தால், கேஸ்கெட் நழுவியிருக்கிறது என்று பொருள். நிறம் வரவில்லை என்றால் குளோரின் இல்லை, அவ்வளவே. ட்ரைஹாலோமீத்தேன் இல்லை என்று பொருள் இல்லை.

உண்மையான விடை ஆய்வகத்தில்தான் கிடைக்கும். பிளாக்கின் ஆயுளில் கடைசிக் கால்பங்கில், வெயில் காலத்தில், உள்ளே செல்லும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுங்கள். புதிய பிளாக்கைச் சோதித்து நல்ல எண் வாங்குவதில் பயனில்லை. ஆய்வகம் தரும் 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் குளோரினைச் செயலிழக்கச் செய்யும் வேதிப்பொருள் முன்பே போட்டிருக்கும். அதைக் கழுவிவிடவோ வழியவிடவோ கூடாது. குழாய் முனையின் வலையைக் கழற்றி, தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஓட்டத்தைப் பென்சில் பருமனுக்குக் குறைத்து, குப்பியின் ஓரமாக நிரப்புங்கள். விளிம்பில் தண்ணீர் மேடாக நிற்க வேண்டும். மூடியைப் போட்டுக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு குமிழிகூட எழும்பக்கூடாது. குமிழி இருந்தால் குளோரோஃபார்ம் அதற்குள் போய்விடும், அறிக்கை குறைத்துக் காட்டும். ஐஸில் வைத்து அனுப்புங்கள். ஹாலோஅசிட்டிக் அமிலத்துக்கு வேறு குப்பி, வேறு வேதிப்பொருள். முன்பே சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

மற்ற கருவிகளோடு ஒப்பிட்டால்

குடுவை ஃபில்டர்களில் கார்பன் குறைவு, அதுவும் உதிரித் துகளாக இருப்பதால் தண்ணீர் நடுவே தனக்கென்று வழி உண்டாக்கிக்கொள்ளும். கொள்ளளவு 150 லிட்டரை ஒட்டியே இருக்கும். பெரும்பாலானவை 42-இல் நின்றுவிடுகின்றன. 53-இல் வி.ஓ.சி. சான்று உள்ள குடுவைகளும் உண்டு. வாடகை வீட்டில் குழாயைத் தொட முடியாதவர்கள் அவற்றைத் தேடலாம்.

ஆர்.ஓ. கருவியில் ஒரு விசித்திரம். ஹாலோஅசிட்டிக் அமிலம், புரோமேட், குளோரேட் போன்ற அயனிகளை மெம்ப்ரேன் சிறப்பாகத் தடுக்கும். புரோமேட், குளோரேட்டுக்குக் கார்பனைவிட இதுவே நல்ல தேர்வு. ஓசோன் பயன்படுத்தும் நிலையங்களின் தண்ணீரில் புரோமேட் வரலாம் என்பதால் அங்கே இதற்கு மதிப்பு கூடும். ஆனால் மின்னூட்டம் இல்லாத சிறிய குளோரோஃபார்ம் மெம்ப்ரேனில் கணிசமாக ஊடுருவிவிடும். ஆர்.ஓ. கருவி ட்ரைஹாலோமீத்தேனை நீக்குகிறது என்றால், அதில் பெரும்பங்கு முன்னும் பின்னும் உள்ள கார்பனுடையது. முன்கார்பன் தீர்ந்துபோனால் இழப்பு இரட்டிப்பு: குளோரின் மெம்ப்ரேனின் பாலிஅமைடு படலத்தையும் அரித்துவிடும். பல வீட்டுக் கருவிகளில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று, நான்கு லிட்டர் கழிவாகப் போகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

யு.வி. விளக்கு, யு.எஃப். இழை இரண்டும் கிருமிகளுக்கானவை. கரைந்த ட்ரைஹாலோமீத்தேனை வீட்டு அளவிலான யு.வி. எதுவும் செய்யாது. செம்பு-துத்தநாகத் துகள் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் குளோரினைக் குறைக்கும், குளோரோஃபார்மைக் குறைக்காது. மூடியைத் திறந்து சில நிமிடம் கொதிக்கவிட்டால் ட்ரைஹாலோமீத்தேன்களில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஜன்னலையும் திறந்து வையுங்கள். ஆனால் ஹாலோஅசிட்டிக் அமிலங்களில் பல அப்படியே தங்கும், தண்ணீர் வற்றும் அளவுக்கு அவற்றின் செறிவு சற்றுக் கூடும். கொதி வந்தவுடன் தானாக அணையும் மின்கெட்டில் இதற்குப் போதாது.

உங்கள் தண்ணீரில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் (குளோரினோடு அம்மோனியா சேர்த்து உண்டாக்கும் கிருமிநாசினி) பயன்படுத்துகிறார்கள் என்றால் சாதாரண பிளாக் தடுமாறும். குளோரமைன் கார்பனோடு மெதுவாகவே வினைபுரியும். வினையூக்கக் கார்பன் என்று குறிப்பிட்ட பிளாக்கும் குறைந்த ஓட்ட வேகமும் வேண்டும், அட்டவணையில் குளோரமைன் என்று தனி வரியும் இருக்க வேண்டும். டி.பி.டி. கிட்டில் முதல் மாத்திரைக்கு வரும் அளவையும் மூன்றாம் மாத்திரை சேர்த்தபின் வரும் அளவையும் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அது குளோரமைன்.

ஷவர் ஃபில்டரை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. வெந்நீர், நிமிடத்துக்கு எட்டு, ஒன்பது லிட்டர் ஓட்டம், கைப்பிடி அளவு நிரப்புப் பொருள்: ட்ரைஹாலோமீத்தேனுக்கு எதிரான எல்லாமே அங்கே கூடியிருக்கின்றன. அவற்றுக்கான 177-ஆம் தரநிலையும் குளோரின் ஒன்றைத்தான் அளக்கிறது. குளியலறையில் ஆவியாகும் குளோரோஃபார்மைச் சுவாசிப்பதும் தோல் வழியே உள்வாங்குவதும் குடிப்பதற்கு ஈடான அளவுக்குப் போகலாம் என்பது உண்மைதான். அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள், தண்ணீரின் சூட்டைக் குறையுங்கள், குளிக்கும் நேரத்தைச் சுருக்குங்கள். வீடு முழுவதற்குமான பெரிய கார்பன் தொட்டி வைப்பவர்கள், அதற்குப் பின்னால் உள்ள குழாய் முழுவதும் குளோரின் பாதுகாப்பை இழக்கிறது என்பதை அறிந்தே வைக்க வேண்டும். நாள்கணக்கில் திறக்காத குழாய்கள் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது.

சிங்க் அடி பிளாக்குக்கும் இதே விதி சிறிய அளவில் உண்டு. காலையில் முதல் அரை நிமிடத் தண்ணீரைப் பாத்திரம் கழுவ விடுங்கள். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். மாதக்கணக்கில் கிடந்திருந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றிவிடுங்கள். கைக்குழந்தைக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் ஃபில்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.